ஒரு குருவிகூட விழாது

காத்தான்: ...அதான் சொல்றேன் மேடம், கீழ பாத்து நடக்காதீங்க. இந்தப் பனியில கீழ பாத்தா ஆறு நம்மள வட்டமா சுத்த விட்ரும். மேல பாருங்க. கரண்டுக் கம்பி தெரியுதா?

அனுசுயா: ஒண்ணும் தெரியல. சத்தம் மட்டும் கேக்குது.

காத்தான்: அது போதும். அந்த உய்ங்குற சத்தத்துக்குக் கீழயே நடந்தா மூணு டவரையும் தாண்டிடலாம். பதினாலு மாசமா நான் காதாலதான் நடக்குறேன்.

அனுசுயா: அண்ணா, கோபுரம் எங்க போச்சு? இப்ப அங்க இருந்துச்சே.

காத்தான்: ஸ்ரீரங்கம் எங்கயும் போகல. பனி கொஞ்ச நேரம் வாங்கி வச்சிருக்கு. ஏழு மணிக்கு மேல திருப்பிக் குடுத்துரும்.

அனுசுயா: கோயில் மைக் மட்டும் கேக்குது. பக்கத்துல நின்னு பாடுற மாதிரி.

காத்தான்: தண்ணி மேல வர்ற சத்தம் அப்படித்தான் இருக்கும். மார்கழி மாசம் அக்கரையில ஒருத்தர் இருமினா இக்கரையில நாம தொண்டையச் செருமுவோம். ஆமா... நேத்து சாயந்தரமே இங்க வந்துட்டீங்களாமே? ஆட்டோக்கார ஆஸ்டின் சொன்னான்.

அனுசுயா: ம்... சும்மா. ஆத்தைப் பாக்கணும்னு தோணுச்சு.

காத்தான்: கையில டப்பா இருந்துச்சாம்.

அனுசுயா: சாப்பாட்டு டப்பா.

காத்தான்: பெருசா இருந்துச்சாம்.

அனுசுயா: எனக்குப் பசி அதிகம் அண்ணா. ஆஸ்டின் ஆட்டோ ஓட்டறாரா, உளவு பாக்குறாரா?

காத்தான்: எங்க டோல்கேட்டு ஸ்டாண்டுல ரெண்டும் ஒண்ணுதான். அந்தப் பக்கம் மிதிக்காதீங்க, சேறு. இப்படி வாங்க.

அனுசுயா: சரி, வேலையைப் பாப்போம். இன்னிக்கு செவ்வாக்கிழமை. வழக்கமா எப்படி எண்ணுவீங்கன்னு சொல்லுங்க.

காத்தான்: ஆறேகாலுக்கு ஆரம்பிப்பேன். கம்பிக்கு இந்தப் பக்கம் முப்பதடி, அந்தப் பக்கம் முப்பதடி. கம்பியில மோதிச் செத்த பறவை எதுனா கெடந்தா போட்டோ புடிச்சு போன்ல ஏத்தணும். கெடக்கலைன்னா பூஜ்யத்தை அமுக்கணும். அவ்வளவுதான்.

அனுசுயா: இதுவரைக்கும் எத்தனை ஏத்தியிருக்கீங்க?

காத்தான்: உங்களுக்குத் தெரியாததா? அறுபது வாரம், அறுபதும் பூஜ்யம். கம்பி இழுத்த கம்பெனியில கூப்புட்டு மாலை போட்டு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. கண்ணாடி சட்டம் போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன். டிவிக்கு மேல.

அனுசுயா: வீட்டுல என்ன சொன்னாங்க?

காத்தான்: மாரியாயியா? ஒண்ணும் சொல்லல. தெனம் தொடைப்பா. எம் பொண்டாட்டி சாமி படத்தைக்கூட வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் தொடைப்பா... மேடம், ஒண்ணு கேக்கலாமா? நீங்க கம்பெனி ஆளா, வெளி ஆளா?

அனுசுயா: வெளி ஆளு. உங்க கம்பெனி வருஷா வருஷம் ஒரு அறிக்கை போடுறாங்க. ஈ.எஸ்.ஜி.ன்னு சொல்லுவாங்க. ஆத்தைக் கெடுக்கல, காத்தைக் கெடுக்கல, ஜனங்களை ஏமாத்தல, நிர்வாகத்துல ஒளிவுமறைவு இல்லன்னு. அதுல எழுதினது எல்லாம் நெசந்தானான்னு பாத்து கையெழுத்து போடுறது என் வேலை.

காத்தான்: அதுல எங்க ஆறும் வருதா?

அனுசுயா: வருது. நாப்பத்தேழாம் பக்கம். "கொள்ளிடம் மின்கம்பிக் கடப்பு, பறவை இறப்பு, பூஜ்யம்". ஒரே ஒரு வரி.

காத்தான்: ஒரு வரியா... இம்புட்டு மணலையும் நடந்து ஒரு வரி.

அனுசுயா: அந்த ஒரு வரிக்குத்தான் நான் வந்திருக்கேன். பதினோரு மணிக்கு கண்டோன்மென்ட்டுல மீட்டிங். இந்தக் கம்பியில சின்னச் சின்னதா சுத்துற தகடு மாட்டலாமான்னு முடிவு பண்றாங்க. வெயில்ல மின்னும், இருட்டுல வெள்ளையாத் தெரியும். பறவை தூரத்துலயே பாத்து ஒதுங்கிப் போயிடும்.

காத்தான்: மாட்டினா நல்லதுதானே.

அனுசுயா: சும்மா மாட்ட மாட்டாங்க. கரண்டு விட்டதுலேருந்து அம்பது பறவைக்கு மேல செத்திருந்தா கரையிலேருந்து கரை வரைக்கும் கட்டாயம் மாட்டியாகணும், அது கம்பெனி போட்டுக்கிட்ட விதி. அம்பதுக்குக் கீழன்னா, "கவனித்து வருகிறோம்"னு எழுதி ஃபைலைக் கட்டிடுவாங்க. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு அதை யாரும் அவுக்க மாட்டாங்க.

காத்தான்: பூஜ்யம்னா?

அனுசுயா: பூஜ்யம்னா ஃபைலே வேணாம்.

காத்தான்: ம்.

அனுசுயா: என்ன அண்ணா, ம்முன்னு...

காத்தான்: உஷ். நில்லுங்க. பேசாதீங்க.

அனுசுயா: என்ன...

காத்தான்: வருது. கேக்குதா? கெழக்கேருந்து. றெக்கை சத்தம்.

அனுசுயா: கேக்குது. நெறைய இருக்குமா?

காத்தான்: முப்பது நாப்பது இருக்கும். நத்தைகுத்தி நாரை. காவிரிக்குப் போகுது... தாழப் பறக்குதே. ஏன் இவ்வளவு தாழ...

அனுசுயா: கம்பி அதுங்களுக்குத் தெரியுமா?

காத்தான்: நமக்கே தெரியல.

அனுசுயா: அண்ணா...

காத்தான்: இருங்க. இருங்க.

அனுசுயா: தலைக்கு மேல வந்துருச்சு.

காத்தான்: தாண்டிருச்சு. எல்லாம் தாண்டிருச்சு. மூச்சு விடுங்க மேடம்.

அனுசுயா: நீங்க ஏன் காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க?

காத்தான்: குளிருங்க.

அனுசுயா: சும்மா சொல்லாதீங்க.

காத்தான்: எனக்கு ஒரு கனவு வருதுங்க. அடிக்கடி. இந்தப் பறவையெல்லாம் கம்பி கிட்ட வந்ததும் பொத்துன்னு எறங்குது. எறங்கி மணல்ல வரிசையா நடக்குது. கொக்கு, நாரை, கூழைக்கடா எல்லாம், ஸ்கூல் புள்ளைங்க ரோட்டைத் தாண்டுற மாதிரி. நான் முன்னால நின்னு கையைக் காட்டி அனுப்புறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் போனதும் மறுபடி பறந்து போயிடுது. ஒண்ணுகூட சிறகை விரிக்காம நடந்தே தாண்டுது.

அனுசுயா: நல்ல கனவா இருக்கே.

காத்தான்: நல்ல கனவுதான். முழிச்சா அப்புறம் தூக்கம்தான் வராது.

அனுசுயா: ஏன்? பூஜ்யம்தானே அண்ணா.

காத்தான்: ஆமா. பூஜ்யம்தான்.

அனுசுயா: இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?

காத்தான்: அது பெரிய கதை. மூணு வருஷம் முந்தி, லைன் இழுக்குறதுக்கு முன்னாடி, எங்க ஊரு ஸ்கூல்ல மீட்டிங் போட்டாங்க. ஜனங்க ஒத்துக்கல. நெலம் போகும், கரண்டு பாயும், மாடு சினை புடிக்காதுன்னு ஆளுக்கு ஒண்ணு. ஜெயக்குமார்னு ஒரு ஆபீசர், நல்ல மனுசன், என்னைத் தனியாக் கூப்பிட்டு, "நீங்க சொன்னா கேப்பாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னாரு.

அனுசுயா: பேசினீங்க.

காத்தான்: பேசினேன். மைக்கைக் கையில குடுத்தா எவனுக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? பேசிக்கிட்டே இருந்தவன் கடைசியில, "இந்தக் கம்பியால நம்ம ஊருல ஒரு குருவிகூட விழாது, அதுக்கு நான் பொறுப்பு"ன்னுட்டேன்.

அனுசுயா: ஜெயக்குமார் சொல்லிக் குடுத்தாரா?

காத்தான்: இல்லீங்க. அவரே திரும்பிப் பாத்தாரு. என் வாயில தானா வந்தது. எல்லாரும் கைதட்டுனாங்க. மறுநாளே கையெழுத்து போட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரே ஒரு ஆள் மட்டும் போடல.

அனுசுயா: யாரு?

காத்தான்: மாரி. எம் பொண்டாட்டியேதான். டவரோட ஒரு கால் நிக்குதே கரையோரம், அந்தக் கோரைக்காடு அவ பேர்ல உள்ளது. ரெண்டு நாள் பேனாவைத் தொடல. மூணாம் நாள், "கம்பெனி சொல்றதுக்காக இல்ல, நீங்க சபையில சொல்லிட்டீங்கல்ல, அதுக்காகப் போடுறேன்"னு போட்டுக் குடுத்தா. அதுக்கப்புறம்தான் ஜெயக்குமார் சார் இந்த எண்ணுற வேலையை எனக்கு வாங்கிக் குடுத்தாரு. நான் சொன்ன வாக்கை நானே எண்ணிப் பாத்துக்கட்டும்னு நெனச்சாரோ என்னமோ.

அனுசுயா: அண்ணா, நின்னு நான் சொல்றதைக் கேளுங்க. நேத்து சாயந்தரம் டப்பாவுல நான் கொண்டு வந்தது சாப்பாடு இல்ல.

காத்தான்: பின்ன?

அனுசுயா: பத்து காடை. செத்த காடை.

காத்தான்: காடையா?

அனுசுயா: அரியமங்கலம் பக்கத்துல ஒரு பண்ணையில தானா செத்தது. ஒவ்வொண்ணு கால்லயும் வெள்ளை நூல் கட்டி, இந்தக் கம்பிக்குக் கீழ அங்கங்க போட்டுட்டுப் போனேன். எண்ணுறவங்க கண்ணுக்கு எத்தனை படுதுன்னு பாக்குறதுக்கு இப்படிச் செய்யறது வழக்கம். எல்லா ஊர்லயும் செய்வோம். உங்க மேல சந்தேகம்னு இல்ல.

காத்தான்: இல்லையா?

அனுசுயா: ...இருக்கு.

காத்தான்: அப்படிச் சொல்லுங்க.

அனுசுயா: இப்ப நாம கடைசி டவர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாச்சு. ஒரு காடைகூட இல்ல. ஒரு இறகு இல்ல. நூல் இல்ல.

காத்தான்: நடந்த வழியெல்லாம் நீங்களும்தான் பாத்துட்டு வந்தீங்க மேடம்.

அனுசுயா: பாத்தேன். அதான் கேக்குறேன்.

காத்தான்: நரி இருக்கு. கீரி இருக்கு. நாய் ஒரு கூட்டமே இருக்கு. செத்தது ராத்திரி தங்குமா ஆத்துல?

அனுசுயா: ஒண்ணு ரெண்டு போகும். பத்தும் போகுமா? நரி நூலோடவா முழுங்கும்?

காத்தான்: எங்க ஊரு நரிக்கு நீங்க டப்பாவுல எடுத்துட்டு வந்து பரிமாறியிருக்கீங்க. அது ஏன் விடுது?

அனுசுயா: வெளையாடாதீங்க அண்ணா. எனக்கு நெசம் வேணும். உங்களை மாட்டி விடுறதுக்கு இல்ல...

மாரியாயி: ஏங்க... எங்க இருக்கீங்க? குரல் குடுங்க.

காத்தான்: வந்துட்டா. இந்தா, இங்க. டவருக்கு நேரா வா.

மாரியாயி: டவர் எங்க தெரியுது? உங்க பேச்சுக்கு நேரா வர்றேன். ஊருக்கே கேக்குது... வணக்கம் மேடம். இந்தாங்க, சுக்கு காபி. சூடா இருக்கு, ஓரமாப் புடிங்க.

அனுசுயா: வணக்கம் அக்கா. இந்தப் பனியில எதுக்கு உங்களுக்குச் சிரமம்?

மாரியாயி: புல்லறுக்க எப்படியும் வருவேன். தெனம் நாலரைக்கே எந்திரிச்சுடுவேன்.

காத்தான்: எனக்கு?

மாரியாயி: உங்களுக்கும்தான். குடிச்சுட்டு கரைக்குப் போங்க. வண்டியை எப்படிச் சாச்சு வச்சிருக்கீங்க? பெட்ரோல் ஒழுகுற வாடை அடிக்குது.

காத்தான்: ஒழுகுதா? டாங்க்ல இருந்தாத்தானே ஒழுகும்.

மாரியாயி: போய்த்தான் பாருங்களேன். மேடத்தைத் திரும்ப டோல்கேட்டு வரைக்கும் தள்ளிக்கிட்டா போவீங்க?

காத்தான்: சரி சரி. மேடம், இவகிட்ட சூதானமா இருங்க. பேச ஆரம்பிச்சா மீட்டிங்கைக் கோட்டை விட்ருவீங்க.

மாரியாயி: போங்க போங்க.

அனுசுயா: ...ரொம்ப நல்லவர் அக்கா.

மாரியாயி: போயிட்டாரா? பனியில நின்னு ஒட்டுக் கேக்குறாரான்னு பாருங்க.

அனுசுயா: காலடிச் சத்தம் தூரத்துல கேக்குது.

மாரியாயி: கையை நீட்டுங்க. எண்ணிக்குங்க.

அனுசுயா: அக்கா... இது...

மாரியாயி: ஏழு நூலு. உங்களுதுதானே?

அனுசுயா: நீங்களா எடுத்தீங்க?

மாரியாயி: விடியக்காலம் எடுத்தேன். எடுத்ததும் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு பாப்பா. ஆத்துல ஏது காடை? அதுவும் கால்ல வெள்ளை நூலு. யாரோ எங்க குடும்பத்துக்குச் செய்வினை வச்சுட்டாங்கன்னு நெனச்சேன். ஏழுக்கும் மஞ்சத்தண்ணி தெளிச்சு, சூடம் கொளுத்தி, வாசல்ல எலுமிச்சம்பழம் வெட்டி வச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் ஆஸ்டின் பால் வாங்க வந்தவன், மேடம் டப்பாவோட ஆத்துக்கு வந்தாங்கன்னான்.

அனுசுயா: ஐயோ... மன்னிச்சுடுங்க அக்கா. செய்வினை எல்லாம் இல்ல.

மாரியாயி: சிரிக்காதீங்க. வாசல்ல வச்ச எலுமிச்சம்பழத்தை இன்னும் எடுக்கல நான்.

அனுசுயா: சிரிக்கல. அக்கா, நேத்து மட்டும்தானா? இல்ல...

மாரியாயி: நீங்க கேக்க வேணாம். நானே சொல்லிடுறேன். தெனமும்தான். பதினாலு மாசமா. அவரு எந்திரிக்கிறதுக்கு முந்தி வந்து பொறுக்கிட்டுப் போயிடுவேன். புல்லுக் கூடையில போட்டு மேல புல்லை மூடி.

அனுசுயா: ஏன்க்கா?

மாரியாயி: மொத நாள் சத்தியமா அப்படி நெனச்சு வரல. போன வருஷம் ஐப்பசி. புல்லறுக்க வந்தா ஒரு நாரை கெடக்கு. இன்னும் உசுரு இருந்துச்சு. ஒரு றெக்கையை மட்டும் மேல தூக்கிட்டே இருந்துச்சு. நான் மடியில எடுத்து வச்சதும் அடங்கிருச்சு. அன்னிக்கு செவ்வாக்கிழமை. அவரு எண்ண வர்ற நாளு. எனக்கு அவரு முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

அனுசுயா: ஸ்கூல்ல சொன்ன வார்த்தை.

மாரியாயி: சொல்லிட்டாரா உங்ககிட்ட? அதை எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. ராத்திரி தூக்கத்துலகூட "விழாது, விழாது"ம்பாரு. அந்த மனுசன் வாக்கு குடுத்துட்டு, அந்த வாக்கு செத்துக் கெடக்குறதைத் தானே போட்டோ புடிக்கணுமா? புடிச்சுட்டு என்கிட்ட வந்து என்ன முகத்தோட நிப்பாரு? நான் வேற, உங்களை நம்பித்தான் போடுறேன்னு சொல்லிக் கையெழுத்து போட்டவ. வேணாம்னு எடுத்துட்டுப் போயிட்டேன். அப்புறம் அதே பழகிப் போச்சு.

அனுசுயா: அவருக்குத் தெரியாதா?

மாரியாயி: தெரியாது. பாவம், பூஜ்யம்னு அமுக்கிட்டு வந்து, சோறு நல்லா சாப்பிடுவாரு.

அனுசுயா: எல்லாம் எங்க இருக்கு?

மாரியாயி: என் கோரைக்காட்டுல. டவர் காலுக்குப் பின்னால. குழி தோண்டி, ஒரு புடி அரிசி போட்டு மூடி, மேல ஒரு ஓட்டுச் சில்லு. இது நாரை, இது கூழைக்கடா, இது அரிவாள்மூக்கன்னு எனக்குத் தெரியும். உங்க காடைக்கும் வச்சிருக்கேன்.

அனுசுயா: எத்தனைக்கா? காடையை விட்டுட்டு.

மாரியாயி: நாப்பத்தி ஒண்ணு.

அனுசுயா: நாப்பத்தி ஒண்ணா...

மாரியாயி: ஏன் பாப்பா, முகம் வாடிப் போச்சு?

அனுசுயா: அம்பது வேணும்க்கா. அம்பதுக்கு மேல போயிருந்தா இந்தக் கம்பி முழுக்கத் தகடு மாட்டியாகணும். பறவை பாத்து ஒதுங்கிப் போறதுக்கு. அதுக்குத்தான் இந்த எண்ணுற வேலையே.

மாரியாயி: என்ன சொல்றீங்க? எண்ணுறது... பேப்பர்ல போடுறதுக்கு இல்லையா?

அனுசுயா: இல்லக்கா. இந்தக் கணக்கைப் பாத்துட்டுத்தான் தகடு வரும்.

மாரியாயி: அப்ப நான் மறைச்சதாலதான்...

அனுசுயா: அப்படிச் சொல்லாதீங்க.

மாரியாயி: வேற எப்படிச் சொல்றது? மொத நாரையை அன்னிக்கே காட்டியிருந்தா மத்ததெல்லாம் செத்திருக்காதா? நான் அவருக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு... என் கையாலயே... ஐயோ பாப்பா.

அனுசுயா: உக்காருங்கக்கா. இந்தக் காபியில ஒரு வாய் குடிங்க. நீங்க மட்டும் இல்ல. போன வருஷ அறிக்கையில அந்தப் பூஜ்யத்துக்குக் கீழ கையெழுத்து போட்டது நான்.

மாரியாயி: வந்து பாத்துட்டா போட்டீங்க?

அனுசுயா: வரல. சென்னையில உக்காந்துக்கிட்டே போட்டேன். இங்க கைலாசபுரத்துல பொறந்து வளந்தவ நான். மார்கழியில இந்த ஆத்து மேல எத்தனை பறவை போகும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் போட்டேன். பூஜ்யம் பாக்க அழகா இருந்துச்சு. கேள்வி கேக்க வேண்டிய அவசியம் வரல. ஒரு வருஷமா அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் இந்த வருஷம் காடையோட வந்தேன்.

மாரியாயி: அப்ப ஒன்பதைக் கூட்டிப் போட்டு அம்பதுன்னு எழுதிடுங்க. இல்ல, ஒண்ணு சேத்தே போடுங்க. யாரு வந்து எண்ணப் போறா?

அனுசுயா: மாட்டேன்க்கா. ஒரு பொய்யில கையெழுத்து போட்டது போதும். உங்க நாப்பத்தி ஒண்ணை எழுதுறேன். தோண்டிப் பாத்து போட்டோ எடுத்துக்குறேன். மீட்டிங்ல சண்டை போடுறேன்.

மாரியாயி: சண்டை போட்டா தகடு வருமா?

அனுசுயா: தெரியல. விதியைக் காட்டி ஃபைலைக் கட்டத்தான் பாப்பாங்க.

மாரியாயி: ம்... சரி, எழுதுங்க. என் பேரை அவர்கிட்ட சொல்லாதீங்க. இத்தனை நாளா பொறுக்கிப் போட்டது நான்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு.

அனுசுயா: அவர்கிட்ட நான் பொய் சொல்லணுமா?

மாரியாயி: பொய் வேணாம். அவரு கேக்காட்டி நீங்க சொல்லாம இருங்க. அவ்வளவுதான். அவரு வேலை போனா போகட்டும், எனக்கு மாடு இருக்கு.

அனுசுயா: ஒண்ணு மட்டும் புரியலக்கா. நான் போட்டது பத்து. உங்ககிட்ட ஏழு நூல்தானே இருக்கு?

மாரியாயி: ஏழுதான் கெடந்துச்சு. சல்லடை போட்டுத் தேடித்தான் எடுத்தேன். மூணை நரி தூக்கியிருக்கும்.

அனுசுயா: இருக்கும்.

மாரியாயி: அந்தா, வர்றாரு. கண்ணைத் தொடைச்சுக்குங்க. நான் புல்லறுக்கப் போறேன்.

காத்தான்: அடியே மாரி, வண்டி எலும்பாட்டம் காஞ்சு நிக்குது. ஒழுகுதாம்ல. உனக்குச் சளி புடிச்சிருக்கு.

மாரியாயி: அப்ப வாடை வேற எங்கேருந்தோ வந்திருக்கும். மேடத்தைப் பத்திரமாக் கொண்டு விடுங்க. வர்றேன் பாப்பா. மறுபடி வந்தா வீட்டுக்குச் சாப்பிட வாங்க. டப்பா எடுத்துட்டு வராதீங்க.

அனுசுயா: வர்றேன்க்கா.

காத்தான்: ...என்ன சொன்னா?

அனுசுயா: மாட்டைப் பத்தி.

காத்தான்: மாட்டைப் பத்திப் பேசினா யாருக்கும் கண்ணு செவக்காதே.

அனுசுயா: பனி அண்ணா.

காத்தான்: ஆமாமா. எனக்குக் குளிரு, உங்களுக்குப் பனி. பாருங்க, கம்பி தெரிய ஆரம்பிச்சுருச்சு. மேல வரிசையா எத்தனை கொக்கு உக்காந்திருக்கு பாருங்க. உக்காந்தா ஒண்ணும் ஆகாது. பறந்து வந்து தெரியாம மோதினாத்தான்.

அனுசுயா: அண்ணா, நான் இந்த வருஷம் பூஜ்யம்னு எழுதப் போறதில்ல.

காத்தான்: ...எத்தனை எழுதப் போறீங்க?

அனுசுயா: நாப்பத்தி ஒண்ணு.

காத்தான்: நாப்பத்தி ஒண்ணு.

அனுசுயா: எப்படின்னு கேக்காதீங்க. யாருன்னும் கேக்காதீங்க. உங்க சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கேப்பாங்க. வேலையும் போகலாம். நீங்க பொய் எழுதல, உங்க கண்ணுல எதுவும் படலன்னு நான் சொல்லிப் பாக்குறேன். அது என்னால முடியும்.

காத்தான்: நாப்பத்தி ஒண்ணுக்குத் தகடு மாட்டுவாங்களா?

அனுசுயா: மாட்ட மாட்டாங்க அண்ணா. அம்பதைத் தாண்டல. கவனித்து வருகிறோம்னு ஒரு வரி எழுதிக்குவாங்க.

காத்தான்: அஞ்சு வருஷத்துக்கு.

அனுசுயா: அஞ்சு வருஷத்துக்கு.

காத்தான்: இந்த மார்கழி, அடுத்த மார்கழி, அதுக்கடுத்த மார்கழி...

அனுசுயா: நான் பேசிப் பாக்குறேன். வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. நேரமாச்சு, வண்டியை எடுங்க... ஏன் உக்காந்துட்டீங்க? அண்ணா, என்ன ஆச்சு?

காத்தான்: அவ எடுத்ததுதாங்க நாப்பத்தி ஒண்ணு. விடியக்காலம் அவ போறது மொத மாசமே எனக்குத் தெரியும். அவ கண்ணுல கொஞ்சமாவது கொறைச்சலாப் படட்டும்னு, பொழுது சாஞ்சதும் நான் வந்து எடுத்துக்கிட்டிருந்தேன். என்னை நம்பிக் கையெழுத்து போட்டவளாச்சே. என் பங்கு இருவத்தி மூணு, எல்லாத்தையும் தெக்கால டவருக்குக் கீழ புதைச்சு வச்சிருக்கேன். நரி எதையும் தூக்கல மேடம், நேத்து நீங்க போனப்புறம் இருட்டுல என் கண்ணுல பட்ட மூணு காடையும் வண்டிப் பொட்டியில நூலோட இருக்கு. அறுவத்தி நாலுன்னு எழுதுங்க. நீங்க மீட்டிங்குக்கு ஆஸ்டின் ஆட்டோவுல போயிடுங்க... நான் கோரைக்காட்டுக்குப் போறேன். அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்.